பெயர் மோதினால் பொருள் கெடும்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொள்ளை நோயின் காரணமாக வேலையிழந்த மக்கள் பெருந்திரளாக உதவித்தொகை கோரி விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் என்னும் பழைய கணினி மொழியை அறிந்தவர்கள் தொண்டாற்ற முன்வர வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். அரசாங்கத்தின் கணக்கு யந்திரங்கள் பல தலைமுறைகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல்களால் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதும், அவற்றைப் படித்துப் பொருள் கொள்ள வல்லவர்கள் அருகிவிட்டார்கள் என்பதும் அன்று உலகத்தார் அனைவருக்கும் தெரியவந்தன. இத்தகைய நிரல்களைப் புதிய மொழிக்கு மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது இயல்பே. எந்த மொழிக்கு மாற்றுவது, எவ்வளவு பொருள் செலவாகும், எத்தனை காலம் பிடிக்கும் என்ற கேள்விகளை நிர்வாகிகள் தவறாமல் கேட்கிறார்கள். ஆனால் பழைய நிரலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பெயர்களைப் புதிய மொழியில் என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி, அவர்களுடைய ஆலோசனைகளில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. அந்தக் கேள்விக்கு எழுத்து மூலமான விடை கிடைத்த பிறகே மாற்றும் வேலை தொடங்கப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இது நிபுணர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயமன்று. வானிலையை முன்னறியும் பெரிய நிரல்கள் இன்றும் பெரும்பகுதி ஃபோர்ட்ரான் மொழியில் இருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்தும் இடைநிலை வானிலை முன்கணிப்பு மையத்தின் நிரலும் அவ்வகையினதே. ஆகாய விமானங்களின் உறுதியைக் கணக்கிட 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் உருவாக்கிய நாஸ்ட்ரான் என்ற நிரலும் அதே மொழியில் பிறந்தது. வங்கிக் கணக்குகளும் காப்புறுதிப் பத்திரங்களும் ஓய்வூதியப் பட்டியல்களும் பல நாடுகளில் கோபோல் நிரல்களின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆகவே, ஒரு நிரலை மொழி மாற்றும்போது நேரும் பிழை, அதை எழுதியவரோடு நின்றுவிடாமல், புயல் எச்சரிக்கையை நம்பிக் கடலுக்குச் செல்லாதிருக்கும் மீனவரையும், மாதத்தின் முதல் நாளில் ஓய்வூதியத்தை எதிர்பார்த்திருக்கும் முதியவரையும் வந்து தீண்டக்கூடியது.

நிரலில் பெயர் என்பது எதற்காக இருக்கிறது? யந்திரத்தின் உள்ளே சென்றுவிட்ட பிறகு பெயர்களுக்கு வேலையில்லை. அங்கே நினைவகத்தின் முகவரிகள் மாத்திரமே உண்டு. ஆனால் அவ்விடம் போய்ச் சேர்வதற்கு முன், ஒரு நிரலின் பல துண்டுகளும், பிறர் எழுதி வைத்த லைப்ரரிகளும் ஒன்றாகப் பிணைக்கப்படும் கட்டம் ஒன்று இருக்கிறது. லிங்க்கர் என்று சொல்லப்படும் அந்தப் பிணைப்பு நிரல், ஒரு துண்டு எந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறதோ அந்தப் பெயரை உடையது எது என்று மற்றத் துண்டுகளில் தேடுகிறது. அதற்குத் தெரிந்தது பெயர் ஒன்றே. பெயரின் பொருள் தெரியாது. ஒரே தெருவில் முருகேசன்கள் இருவர் குடியிருந்தால், தந்தையின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து இவர் ரா. முருகேசன், அவர் சு. முருகேசன் என்று நாம் வேறுபடுத்திக்கொள்கிறோம். தலைப்பெழுத்தில்லாத கடிதம் வந்தால் தபால்காரர் முதலில் தென்படும் முருகேசன் வீட்டிலேயே அதைப் போட்டுவிட்டுப் போகவும் கூடும். லிங்க்கரும் அவ்வாறே பல சந்தர்ப்பங்களில் முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுகிறது.

ஒவ்வொரு மொழியும் பெயரிடுவதில் தனக்கென ஒரு சம்பிரதாயத்தை வைத்திருப்பதுதான் சிக்கலின் மூலம். ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957-ஆம் ஆண்டில் ஃபோர்ட்ரானை வெளியிட்டபோது, அது ஓடிய ஐ.பி.எம். 704 என்ற யந்திரத்தில் நினைவகத்தின் ஒவ்வோர் அறையும் 36 பிட் கொண்டது. ஓர் எழுத்துக்கு 6 பிட் வீதம் ஓர் அறையில் ஆறு எழுத்துகள் அடங்கும். பெயருக்கு ஆறு எழுத்துகளே எல்லை என்ற விதி அதற்கு இசைவாக அமைந்தது. 1966, 1977 ஆகிய ஆண்டுகளின் தர நிர்ணயங்களிலும் அது நீடித்தது. 1990-ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்திலேதான் எல்லை 31 எழுத்துகளாக உயர்ந்தது. பழைய ஃபோர்ட்ரான் நிரல்களில் உயிரெழுத்துகள் பிடுங்கப்பட்ட விசித்திரமான பெயர்கள் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். அவற்றை எழுதியவர்கள் அலட்சியக்காரர்களல்லர். குறுகிய இடத்தில் நிறைந்த பொருளை அடக்க முயன்றவர்கள்.

மேலும், அம்மொழியில் பெயரின் முதலெழுத்துக்கே ஒரு பொருள் உண்டு. வேறுவிதமாக அறிவிக்கப்படாவிடில், ஆங்கில எழுத்து ஐ முதல் என் வரையுள்ள எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும்; ஏனைய எழுத்துகளில் தொடங்குவது தசம எண்ணைக் குறிக்கும். எண்ணிக்கையைக் குறிக்கும் ‘கவுண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் சி என்ற எழுத்தில் தொடங்குவதால் தசம எண்ணாகிவிடுமே என்று கருதிய அக்கால நிரலர்கள், அதையே கே என்ற எழுத்தில் தொடங்கித் தெரிந்தே பிழையாக எழுதினார்கள். அந்தக் காரணத்தை அறியாத ஒருவர், எழுத்துப் பிழையைத் திருத்துவதாக நினைத்துக் கே-யைச் சி-யாக மாற்றுவாரேயானால், முழு எண்ணாக இருந்தது தசம எண்ணாகிவிடும். வகுத்தலில் மீதியை விட்டுவிட வேண்டிய இடத்தில் பின்னம் ஒட்டிக்கொள்ளும். பழைய பெயரின் அவலட்சணத்துக்குள் ஒரு நியதி மறைந்திருக்கலாம் என்ற மரியாதை, மொழி மாற்றுகிறவருக்கு முதலாவதாக வேண்டிய குணம்.

பெயர் மோதல்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் வகை, கூச்சலிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் மோதல். ஃபோர்ட்ரானில் ஒதுக்கப்பட்ட சொற்கள் என்று ஒன்றுமில்லை; ‘இஃப்’ என்பதையே ஒரு மாறியின் பெயராகக்கூட வைத்துக்கொள்ளலாம். சி மொழியிலோ அத்தகைய சொற்கள் மொழிக்கே உரியவை. நிரலர் அவற்றைத் தம் பெயராகக் கொள்ள முடியாது. சி மொழியிலிருந்து அதன் வழிவந்த சி++ மொழிக்குப் போகும்போது ‘கிளாஸ்’, ‘நியூ’, ‘டெம்ப்ளேட்’ முதலிய சொற்கள் புதிதாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. யுனிக்ஸ் யந்திரங்களில் திரையைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பின் பொது அறிவிப்புக் கோப்பில் ‘கிளாஸ்’ என்ற உறுப்பு ஒன்று இருந்தது. சி++ நிரலர்களுக்காக அதே உறுப்பு முன்னால் சி என்ற எழுத்தும் அடிக்கோடும் சேர்த்து அங்கே தனியாக எழுதப்பட்டிருக்கிறது. பைதான் மொழி 2018-இல் வெளியிட்ட 3.7 பதிப்பில் ‘ஏசிங்க்’ என்ற சொல்லை முழுமையாக ஒதுக்கிக்கொண்டபோது, அதையே தம் செயற்கூறுகளின் அளவுருப் பெயராக வைத்திருந்த லைப்ரரிகள் பெயர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பைடார்ச் என்ற புகழ்பெற்ற லைப்ரரியும் அவற்றுள் ஒன்று. இம்மாதிரி மோதல்களை, நிரலை யந்திர மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் உடனே கண்டு நிறுத்திவிடும். நிரல் ஓடாது, ஓடாத நிரல் யாருக்கும் தீங்கு செய்யாது.

இரண்டாம் வகை, ஓசையில்லாமல் நிகழும் மோதல். இதிலே கம்பைலர் குறை சொல்லாது, லிங்க்கரும் தடுக்காது, நிரல் பெரும்பாலும் ஓடி முடிந்து ஒரு விடையையும் தரும். அந்த விடை தவறானது என்பதை அறிய, சரியான விடையை வேறு வழியில் அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மொழி மாற்றத்தில் பொதுமக்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். இதன் முகங்கள் பல. அவற்றில் நான்கை மாத்திரம் இங்கே விவரிக்கிறேன்.

ஒன்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் வருவது. சி மொழியில் பெரிய என் வேறு, சிறிய என் வேறு. புள்ளியியல் நூல்களின் வழக்கப்படி, மொத்தத் தொகைக்குப் பெரிய எழுத்தையும், அதிலிருந்து எடுத்த மாதிரியின் அளவுக்குச் சிறிய எழுத்தையும் ஒருவர் நிரலில் பயன்படுத்தியிருக்கலாம். இதை ஃபோர்ட்ரானுக்குக் கொண்டுபோனால் அங்கே இரண்டும் ஒரே பெயர். இரண்டையும் முறையாக அறிவித்திருந்தால், ஒரு பெயர் இருமுறை அறிவிக்கப்பட்டதாகக் கம்பைலர் ஆட்சேபிக்கும். அறிவிப்பை விட்டுவிட்டு முதலெழுத்து விதியையே நம்பியிருந்தாலோ, இரு தொகைகளும் சத்தமின்றி ஒன்றாகிவிடும். பின்னால் எழுதப்பட்ட மதிப்பு முன்னதை அழித்துவிட்டு நிற்கும்.

இரண்டு, மொழியோ அதனுடன் வரும் லைப்ரரியோ ஏற்கெனவே வைத்திருக்கும் பெயரால் வருவது. கணிதத்தில் காமா சார்பு என்று ஒன்றுண்டு. ஐந்துக்கு அதன் மதிப்பு 24. பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் பலவற்றில் அதே பெயரில் செயற்கூறு எழுதி வைத்திருப்பார்கள். அதைச் சி மொழிக்கு மாற்றும்போது, அந்தத் துண்டைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கிடைக்கவில்லை என்று லிங்க்கர் நின்றுவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் லினக்ஸ் யந்திரங்களில் வழங்கும் கணித லைப்ரரியில் காமா என்ற பெயருடைய செயற்கூறு ஒன்று பழங்காலந்தொட்டு இருந்து வருகிறது. அது தருவதோ காமா சார்பின் மடக்கை. ஆகவே 24 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 3.178 வரும், நிரல் அதை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஃபோர்ட்ரானுக்குள்ளேயே பதிப்பு மாற்றினாலும் இந்த அபாயம் உண்டு. 2008-ஆம் ஆண்டுத் தர நிர்ணயம் காமாவை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டபடியால், தம் சொந்தச் செயற்கூறை வெளியிலுள்ளது என்று வெளிப்படையாக அறிவிக்காத பழைய நிரல், மொழியின் காமாவையே அழைத்துவிடும்.

மூன்று, பொது நினைவிடத்தால் வருவது. பழைய ஃபோர்ட்ரானில் பல துண்டுகள் ஒரே நினைவிடத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்குக் ‘காமன்’ என்ற ஏற்பாடு உண்டு. அதே இடத்துக்கு ஒரு துண்டு ஒரு பெயரும், இன்னொரு துண்டு வேறொரு பெயரும் சூட்டிக்கொள்ளலாம். பெயர் பலவானாலும் பொருள் ஒன்று. இந்த ஏற்பாட்டின் சாயல் யுனிக்ஸ் சி கம்பைலர்களுக்குள்ளும் புகுந்தது. இரண்டு கோப்புகளில் இரண்டு நிரலர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், மொத்தம் என்ற பொருளில் ஒரே பெயருடைய பொது மாறியை ஆரம்ப மதிப்புத் தராமல் அறிவித்தால், இரண்டும் ஒரே இடமாக இணைந்துவிடும். ஜி.சி.சி. என்ற கம்பைலர் இதை நெடுங்காலம் அனுமதித்திருந்தது. 2020-ஆம் ஆண்டில் வெளியான அதன் 10-ஆம் பதிப்புதான், இதைப் பிழையென்று நிறுத்துவதை இயல்பான நடைமுறையாக்கியது. அன்றுவரை இடையூறின்றி உருவாகி வந்த பழைய நிரல்கள் பல அந்தப் பதிப்பில் உருவாக மறுத்தன. அதைச் சிலர் தொந்தரவு என்று கருதினார்கள். நானோ அதை உபகாரம் என்றே கருதுகிறேன். மறைந்திருந்த மோதலுக்கு வாய் கிடைத்தது அப்போதுதான்.

நான்காவது, இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது. அணிகளைப் பெருக்குதல் போன்ற அடிப்படைக் கணிதக் காரியங்களுக்காக, பிளாஸ் என்று பெயர் பெற்ற செயற்கூறுகளின் தொகுதி 1970-களின் இறுதியிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. அதிலே இரு அணிகளைப் பெருக்கும் டிஜெம் என்ற செயற்கூறு, விஞ்ஞானக் கணிப்புகளில் எங்கும் அழைக்கப்படுவது. ஃபோர்ட்ரானில் பிறந்த அந்தப் பெயரை, பல நிறுவனங்களும் குழுக்களும் தத்தமது யந்திரத்துக்கேற்ற லைப்ரரிகளில் அப்படியே வைத்துக்கொண்டன. எந்த லைப்ரரியையும் எந்த நிரலோடும் பிணைக்கலாம் என்ற சௌகரியம் அதனால் கிடைத்தது. ஆனால் அணியின் வரிசை எண்ணிக்கையை 32 பிட் முழு எண்ணாகத் தருவதா, 64 பிட் முழு எண்ணாகத் தருவதா என்பதில் லைப்ரரிகள் வேறுபட்டன; பெயரோ அந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை. ஜூலியா மொழியை உருவாக்கியவர்கள் 64 பிட் எண்களைக் கொள்ளும் ஓப்பன்பிளாஸ் லைப்ரரியைத் தேர்ந்துகொண்டார்கள். அதே ஓட்டத்தில் பைதானின் நம்பை போன்ற வேறொரு மென்பொருளும் ஏற்றப்படும்போது, 32 பிட் எண்ணைத் தரும் ஒன்று 64 பிட் எண்ணை எதிர்பார்க்கும் செயற்கூறை அழைத்துவிட நேர்ந்தது. நான்கு பைட் எழுதப்பட்ட இடத்தில் எட்டு பைட்டைப் படித்தால், அணியின் அளவு பொருளற்ற பேரெண்ணாகிவிடும், நிரல் வீழ்ந்துவிடும். அவர்கள் கண்ட பரிகாரம் எளிது: தம் லைப்ரரியிலுள்ள பெயர் ஒவ்வொன்றின் இறுதியிலும் 64 என்ற எண்ணையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துவிட்டார்கள். பொருள் வேறென்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும் என்ற நியதியை அவர்கள் மீண்டும் நிலைநாட்டினார்கள்.

கோபோலிலிருந்து ஜாவாவுக்கு மாற்றும் வேலையில், இதே விஷயம் வேறு வேடத்தில் வருகிறது. கோபோல் பெயர்கள் 30 எழுத்து வரை நீளலாம், அவற்றின் நடுவே சிறுகோடு வரலாம், இலக்கத்தில் தொடங்கலாம். ஜாவாவில் சிறுகோடு கழித்தலைக் குறிக்கும். பெயர் இலக்கத்தில் தொடங்கக் கூடாது. ஒரு காப்புறுதி நிரலில் இயல்பாக வரக்கூடிய ‘கேஸ்’, ‘பேக்கேஜ்’ என்ற பெயர்கள் ஜாவாவில் ஒதுக்கப்பட்ட சொற்கள். கோபோலில் வாடிக்கையாளர் எண் என்ற ஒரே பெயர் பல பதிவேடுகளில் இருந்து, இன்ன பதிவேட்டின் வாடிக்கையாளர் எண் என்று அடைமொழியோடு அழைக்கப்படும். அடைமொழியைக் கழற்றிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். சிறுகோட்டை எடுத்துவிட்டு அடுத்த எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கத்தின்படி வகுப்புகளுக்குப் பெயரிடும்போது, எழுத்தின் அளவில் மாத்திரம் வேறுபட்ட இரு பெயர்கள் உண்டாகலாம். ஜாவா அவற்றை இரண்டாகக் கொள்ளும். ஆனால் விண்டோஸ் யந்திரத்தின் கோப்பு முறையோ இரண்டையும் ஒன்றாகவே பாவித்து, ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிவிடும்.

இவற்றையெல்லாம் தடுக்க வழியில்லையா என்றால், வழிகள் நன்றாகவே தெரிந்திருக்கின்றன. 1990-ஆம் ஆண்டளவில், பெல் ஆய்வகத்தையும் பெல்கோர் நிறுவனத்தையும் சேர்ந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், டேவிட் கே முதலியோர், ஃபோர்ட்ரான் நிரலைச் சி மொழிக்குத் தானாகவே மாற்றும் நிரல் ஒன்றை இயற்றினார்கள். எஃப்2சி என்று வழங்கும் அந்நிரல் பெயர்களைக் கையாளும் முறை இன்றும் பாடமாகக் கொள்ளத்தக்கது. செயற்கூறுகளும் பொது நினைவிடங்களும் தாங்கிய வெளிப் பெயர் ஒவ்வொன்றும் சிறிய எழுத்துக்கு மாற்றப்படும். அதில் அடிக்கோடு இல்லையானால் இறுதியில் ஓர் அடிக்கோடு சேரும். ஏற்கெனவே அடிக்கோடு இருந்தால் இரண்டு சேரும். இந்த விதியில் மூன்று நற்குணங்களைக் காண்கிறேன். மோதும் பெயருக்கு ஒன்றும் மோதாத பெயருக்கு வேறொன்றுமாக இராமல், எல்லாப் பெயருக்கும் ஒரே சட்டமாக இருப்பது முதலாவது. வெவ்வேறான இரு பழைய பெயர்கள் ஒரே புதிய பெயராகக் கூடாதபடி அமைந்திருப்பது இரண்டாவது. புதிய பெயரைப் பார்த்த மாத்திரத்தில் பழைய பெயர் இன்னதென்று மீட்டுக்கொள்ள இயல்வது மூன்றாவது. பெயர் மாற்றத்துக்கு எவர் எந்த விதி வகுத்தாலும், அது இந்த மூன்று பரீட்சைகளிலும் தேற வேண்டும். மோதல் நேர்ந்த இடத்தில் மாத்திரம் மனம்போனபடி ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டுப் போகிறவர், பின்னால் வருகிறவருக்குப் புதிரை விட்டுச்செல்கிறார்.

விதி எழுதப்பட்டிருந்தால் மாத்திரம் போதாது. அதைப் பலரும் ஒருமனதாகக் கைக்கொள்ளவும் வேண்டும். எஃப்2சியின் வழியைப் பின்பற்றிய ஜி77 கம்பைலர், அடிக்கோடுள்ள பெயருக்கு மேலும் இரண்டைச் சேர்த்தது. அதற்குப் பதிலாக 2005-இல் வந்த ஜிஃபோர்ட்ரான், எல்லாப் பெயருக்கும் ஒன்றே போதும் என்று கொண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கம்பைலரோ ஒன்றுமே சேர்க்காமல் இருந்தது. இதனால் ஒரே நிரலை மூன்று விதமாகப் பிணைக்க வேண்டிய சங்கடம் உண்டாயிற்று. 2003-ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தர நிர்ணயம் இதற்கு முடிவு கட்டியது. ஒரு செயற்கூறு சி மொழிக்கு எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்பதை நிரலரே வெளிப்படையாக எழுதிவிட அது வழி செய்தது. யூகத்துக்கு இடமில்லாமல், இரண்டு பெயர்களும் ஒரே வரியில் நிற்கின்றன. இன்று ஃபோர்ட்ரானையும் சி-யையும் இணைக்கிற எவரும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் பழைய யூகங்களை நம்புவதற்கு நியாயம் இல்லை.

பெயருக்கு முன்னால் குலமுத்திரையாக ஒரு முன்னொட்டைச் சேர்ப்பது மற்றொரு நல்ல சம்பிரதாயம். சி மொழியில் பெயர்வெளி என்ற தடுப்பு இல்லாததால், அதன் நல்ல லைப்ரரிகள் எல்லாம் இவ்வழியையே கைக்கொள்கின்றன. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி 2004-ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது, எல்லாப் பெயர்களின் முன்னொட்டிலும் 3 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் ஒரே நிரலுக்குள் சச்சரவின்றி வாழ அது இடம் தந்தது. இதற்கு மேலும் ஒரு படி உண்டு: வெளியே தெரிய வேண்டாத பெயரை மறைத்துவிடுவது. சி மொழியில் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லும், ஃபோர்ட்ரான் 90-இன் மாட்யூல்களில் ‘பிரைவேட்’ என்ற சொல்லும் இதற்காகவே இருக்கின்றன. ஆயிரம் செயற்கூறுகள் உள்ள ஒரு பழைய நிரலில் பிறர் அழைக்க வேண்டியவை முப்பதே என்றால், அந்த முப்பது பெயர்கள் மாத்திரம் வாசலில் நிற்கட்டும். மற்றவை உள்ளேயே இருக்கட்டும். வெளிவராத பெயர் யாரோடும் மோதுவதில்லை.

இங்கே நான் எதிர்க்க வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. மொழி மாற்றுகிறபோதே பெயர்களை அழகுபடுத்திவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய பெயர்கள் பொருள் விளங்காதவை, ஆகவே ஒரே முயற்சியில் இரு காரியமும் ஆகட்டும் என்பது அவர்களுடைய வாதம். சிக்கனமாகத் தோன்றும் இந்த யோசனை அனர்த்தத்துக்கு வழி. மொழியும் பெயரும் சேர்ந்து மாறிய நிரலில் விடை பிழைத்தால், பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிய இயலாது. அன்றியும், பழைய பெயர் நிரலுக்குள் மாத்திரம் வாழ்வதில்லை. கையேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஊழியர்களின் நினைவிலும் அது வாழ்கிறது. 1992-இல் வெளியான லாபேக் என்ற கணிதச் செயற்கூறுகளின் தொகுதியில் ஒவ்வொரு பெயரும் ஒரு சூத்திரம். முதலெழுத்து எண்ணின் வகையைச் சொல்லும். அடுத்த இரண்டும் அணியின் வகையைச் சொல்லும். எஞ்சியவை செய்யும் காரியத்தைச் சொல்லும். சமன்பாடுகளின் தொகுதியைத் தீர்க்கும் டிஜிஇஎஸ்வி என்ற பெயரை உலகெங்கும் மாணவர்கள் பாடநூலில் படித்திருக்கிறார்கள். எத்தனையோ மொழிகளுக்குள் லாபேக் சென்று சேர்ந்தபோதிலும் அப்பெயர்கள் காப்பாற்றப்பட்டிருப்பதனால்தான், பழைய நூலைப் படித்தவர் புதிய நிரலையும் படிக்க முடிகிறது. முதலில் பழைய பெயரோடு மொழி மாறட்டும்; பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத் தருகின்றன என்பது ருசுவாகட்டும்; பெயரைச் செம்மைப்படுத்தும் வேலை அதன்பிறகு தனியாக நடக்கட்டும்.

யந்திரங்களே நிரலை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் இத்தனை கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். செயற்கை நுண்ணறிவு கொண்டு பக்கம் பக்கமாக நிரலை மாற்றும் கருவிகள் வந்திருப்பது உண்மை. அவற்றால் உழைப்பு குறைவதும் உண்மை. ஆனால் அத்தகைய கருவி, ஒரு பக்கத்தை மாற்றும்போது அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான பெயரை இயல்பாகச் சூட்டிவிடுகிறது. நூறு பக்கங்களுக்கு அப்பால் அதே பெயர் வேறொரு பொருளுக்குச் சூட்டப்பட்டிருக்கிறதா, முழு நிரலோடும் பிணையப்போகும் லைப்ரரிகளில் அது ஏற்கெனவே உரிமையாக்கப்பட்டிருக்கிறதா என்பது, முழுப் பட்டியலையும் ஒருவர் முன்வைத்தாலன்றி அதற்குப் புலப்படாது. வேகம் கூடக் கூட ஓசையில்லாத மோதலுக்கு இடமும் கூடுகிறது. ஆகையால் இக்கருவிகளின் வருகை, பெயர்ப் பட்டியலின் அவசியத்தை மிகுதிப்படுத்தியிருக்கிறதேயன்றிக் குறைக்கவில்லை.

இவ்விஷயத்தில் நமக்கு அக்கறை கொள்ளத் தனிக் காரணமும் உண்டு. அயல்நாட்டு வங்கிகளுக்காகவும் காப்புறுதி நிறுவனங்களுக்காகவும் பழைய நிரல்களைப் பராமரித்து மொழி மாற்றும் தொழில், சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பெரிய அளவில் நடைபெறுகிறது. நம் இளைஞர்கள் பலருக்கு அது ஜீவனோபாயம். அவர்களுடைய கல்லூரிப் பாடங்களில் புதிய நிரலை முதலிலிருந்து எழுதுவதற்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பங்காவது, பிறர் எழுதிய பழைய நிரலைப் படித்து, அதன் பெயர்களைப் பட்டியலிட்டு, புதிய மொழியின் ஒதுக்கப்பட்ட சொற்களோடும் லைப்ரரிப் பெயர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சிக்குக் கிடைக்க வேண்டும். ஒரு நிரல் துண்டு தாங்கியிருக்கும் பெயர்களையெல்லாம் நொடிப்பொழுதில் பட்டியலிட்டுத் தரும் ‘என்எம்’ போன்ற கருவிகள் யுனிக்ஸ் தோன்றிய காலந்தொட்டே இருக்கின்றன. கருவிக்குக் குறைவில்லை, அதைக் கையிலெடுக்க வேண்டும் என்ற பழக்கத்தை ஆசிரியர்தான் ஊட்ட வேண்டும்.

நிர்வாகிகளிடம் நான் வற்புறுத்துவது இது. பொதுப் பணத்தில் ஒரு பழைய நிரலை மொழி மாற்ற ஒப்பந்தம் செய்யும் எந்த ஸ்தாபனமும், மூன்று பொருள்களை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பழைய பெயர், புதிய பெயர், மாற்றத்துக்குரிய காரணம் ஆகிய மூன்றையும் வரிசையாகக் காட்டும் பதிவேடு ஒன்று. அந்தப் பெயர்கள் எவ்விதியின்படி மாறின என்று சொல்லும் குறிப்பு ஒன்று. இரு நிரல்களும் ஒரே விடையைத் தந்தன என்பதற்கான ஒப்பீட்டு அத்தாட்சி ஒன்று. இவற்றைத் தயாரிக்கும் உழைப்புக்கு உரிய ஊதியமும் ஒப்பந்தத்தில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்; ஊதியமில்லாத வேலை அவசரத்தில் முதலில் கைவிடப்படும் என்பது எல்லோரும் அறிந்ததே. இம்மூன்றும் இல்லாமல் வரும் புதிய நிரலை, அது எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஏற்றுக்கொள்ள மறுக்கும் அதிகாரமும் துணிவும் பொறுப்பிலுள்ளவர்களுக்கு இருக்க வேண்டும். இன்று நாம் எழுதும் புதிய நிரலும் ஒரு நாள் பழைய நிரலாகி, வேறொரு மொழிக்கு மாற்றப்படத்தான் போகிறது. அன்று அதை எடுத்துப் பார்க்கிறவர், ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது, ஏன் மாறியது என்று யாரையும் கேளாமலே அறிந்துகொள்ளும்படி விட்டுச்செல்வது, நிரல் எழுதுகிறவர்களுக்கும் எழுதச் சொல்கிறவர்களுக்கும் உரிய கடமை.